குணாளன் பேச்சை நேர்ந்துகொண்ட கதை

லூனாஸில் டயர் மாற்றக் கடைக்கா பஞ்சம்? மெயின் ரோட்டில் மட்டுமே நாலு இருக்கிறது. இருந்தும் கூலிமிலிருந்துகூட ஆட்கள் அந்தக் கோடிக் கடையைத் தேடி வந்து நின்றார்கள் என்றால் அதற்குக் காரணம் டயர் இல்லை, அங்கே வேலை செய்த குணாளனின் வாய். முதல் நட்டைக் கழற்றும்போது பேச்சைத் தொடங்குவான். சக்கரத்தை மாட்டி, காற்றடித்து, சாவியைக் கையில் கொடுக்கும்போதும் கதை பாதியில்தான் நிற்கும். மீதியைக் கேட்பதற்காகவே நல்ல டயரைக் கொண்டுவந்து செக் பண்ணச் சொன்னவர்கள் உண்டு.

அப்பேர்ப்பட்ட ஆள் மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். ‘மௌன விரதம். பங்குனி உத்திரம் வரை பேச மாட்டேன்’ என்று தமிழில் எழுதி, கீழே மலாயிலும் எழுதியிருந்தான். கடை முதலாளியான சீனத் தௌக்கே அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், பிறகு மார்க்கர் பேனாவால் சீன எழுத்தில் இரண்டு வரி சேர்த்துக் கொடுத்தார். அவர் என்ன எழுதினார் என்று குணாளனுக்குத் தெரியாது. அதைப் படித்துவிட்டுச் சீனர்கள் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் உருப்படியாக எழுதியிருக்க மாட்டார் என்றுதான் பட்டது.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவன் விளையாட்டுக்கு எடுத்த விரதம் இல்லை அது. ஐந்து வயதாகியும் பேச்சு வராத மகள் ரூபினிக்காக எடுத்தது. அவள் வாய் திறக்கவேண்டும் என்று தன் வாயைக் கட்டிக்கொண்டான். நாற்பத்தெட்டு நாள்.

ரூபினி ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டவள். இரண்டு மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு, இயந்திரம் ஊதிய மூச்சில் கிடந்தாள். குணாளனும் அவன் மனைவி சாந்தினியும் மாறி மாறிப் பெட்டிக்கு முன்னால் நின்று அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பிழைத்துவிட்டாள். ஆனால் எல்லாவற்றிலும் பின்தங்கினாள். இரண்டு வயதில்தான் உட்கார்ந்தாள், மூன்றரையில்தான் சுவரைப் பிடித்து நடந்தாள். சொல் என்று ஒன்றும் வரவில்லை. ஏதோ ஒரு சத்தம் கிளம்பும், கிளம்பின வேகத்தில் அறுந்துபோகும்.

பார்த்தவர்கள் எல்லாரும் டாக்டரானார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னார் ஒருவர். அப்பன்காரன் இந்தப் பேச்சுப் பேசினால் பிள்ளைக்கு எங்கே மிச்சம் இருக்கும் என்றார் இன்னொருவர். அவர் கேலிக்குத்தான் சொன்னார், சொன்ன கையோடு மறந்தும் போயிருப்பார். குணாளன் மறக்கவில்லை.

கடைசியில் சுங்கைப்பட்டாணியில் ஒரு தெரபி மையத்துக்குக் கொண்டுபோனார்கள். சுபாஷினி என்ற பெண், மெர்போக்கிலிருந்து வருகிறவள், அவள்தான் ரூபினியைப் பார்த்தாள். நாக்கைப் பார்ப்பாள், தொண்டையைப் பார்ப்பாள் என்று இவர்கள் காத்திருக்க, அவள் பிள்ளையைப் பாயில் உட்காரவைத்து விலாவில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பிறகு ஒரு பந்தை உருட்டிவிட்டாள்.

“அண்ணே, பாப்பா பந்த எடுக்கக் கைய நீட்டுறப்ப பாருங்க. மூச்ச நிறுத்திட்டா, பாத்தீங்களா? எழுந்திரிக்கிறப்பவும் நிறுத்துறா. ஒடம்புல பலம் பத்தல. அதனால மூச்ச உள்ளுக்குப் புடிச்சிக்கிட்டு, அதையே முட்டுக் கொடுத்து நிக்கிறா. நம்ம கனமான சாமான் தூக்குறப்ப ஒரு தடவ மூச்சடக்குவோம்லா? இவ நாள் பூரா அதத்தான் செய்றா.”

“அதுக்கும் பேச்சுக்கும் என்னா மிஸ்?” என்றாள் சாந்தினி.

“பேச்சு வெளிய போற மூச்சுல தானக்கா வரும். இவ வெளிய விட்டாத்தான? மொதல்ல அத நீளமா, பயப்படாம விடக் கத்துக்கட்டும். ஒக்கார்றது, நடக்கிறது, பேசுறது எல்லாத்துக்கும் அதான் அடி.”

சோப்பு நுரை ஊதிப் பார்த்தார்கள், பீப்பி வாங்கிப் பார்த்தார்கள், சாந்தினி பாடிப் பார்த்தாள். ரூபினி எதற்கும் மசியவில்லை. ஒரு நாள் சுபாஷினி அடுத்த அறையில் எதையோ எடுக்கப் போயிருந்த நேரம், குணாளன் பாயில் மல்லாந்து படுத்து, மகளை நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுக்கொண்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றிப் போன லோரி ஒன்று பாயா பெசார் வளைவில் டயர் வெடித்து நின்ற கதையை நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். திரும்பி வந்த சுபாஷினி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவன் குரல் நீளும்போது பிள்ளையின் விலா மெல்ல இறங்கியது. அவன் மூச்சு வாங்கும்போது அவளும் வாங்கினாள். எவ்வளவோ நாளாக எந்தப் பொம்மையாலும் முடியாதது அது.

“நிறுத்தாதீங்கண்ணே,” என்றாள் சுபாஷினி. “பேசுங்க. அப்படியே பேசிக்கிட்டே இருங்க.”

குணாளன் பிறந்ததிலிருந்து அவனைப் பார்த்து இப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து காலையில் அரை மணி, மாலையில் அரை மணி நெஞ்சின் மேல் படுக்கவைத்துப் பேச்சு. என்ன பேசினால் என்ன, குரல் தாழ்ந்து நீளமாகப் போகவேண்டும், அவ்வளவுதான் பாடம். சுபாஷினி கடிகாரம் வைத்துப் பார்த்தாள். ரூபினியால் ஒரு சத்தத்தை இரண்டு விநாடிதான் இழுக்க முடிந்தது. நாலு மாதத்தில் அது ஆறு விநாடி ஆயிற்று. பந்தை எடுக்கும்போதும் மூச்சு நிற்காமல் ஓடியது. உட்காரும்போது முதுகு நிமிர்ந்தது. தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள் சாந்தினியோடு டயர் கடைக்கு வந்த ரூபினி, எண்ணெய்க் கறையோடு நின்ற அவனைப் பார்த்து “ப்பா” என்றாள். குணாளன் அன்றைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே சொன்னான்.

பாழாய்ப்போன சளி அடுத்த வாரமே வந்தது. நெஞ்சில் இறங்கி, மூச்சு இழுத்து, ஐந்து நாள் ஆஸ்பத்திரி. மறுபடியும் மூக்கில் குழாய். மறுபடியும் நெஞ்சு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிற வேலை. வீட்டுக்கு வந்தபோது அந்த ‘ப்பா’வும் போயிருந்தது, ஆறு விநாடியும் போயிருந்தது.

அந்த வார்டு நாற்காலியில்தான் குணாளன் அந்த முடிவை எடுத்தான். சாமிக்குக் கொடுப்பதென்றால் தனக்கு உயிரானதைக் கொடுக்கவேண்டும். கறி மீன் அவனுக்குப் பெரிய விஷயமில்லை. பீர் கிடையாது, சிகரெட்டை எப்போதோ விட்டாயிற்று. அவனிடம் உயிரானது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் பேச்சை எடுத்துக்கொள், அவளுக்குப் பேச்சைக் கொடு என்று கேட்டான். கேட்டதும் மனசு இலேசாகிவிட்டது. இவ்வளவு நாள் எல்லாப் பேச்சையும் தானே பேசித் தீர்த்துவிட்டோம் என்ற குற்றத்துக்கும் இதுவே பரிகாரம் என்று தோன்றியது. அடுத்த வெள்ளி விடிந்ததும் தோட்டத்து முருகன் கோயிலுக்குப் போய்ப் பூசாரி பழனியாண்டி கையால் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டான். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கூலிமில் நைட் ஷிப்டு முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்த சாந்தினிக்கு வாட்சாப்பில்தான் சேதி போனது.

“மண்டை ஓடுதா ஒங்களுக்கு?” என்று அவள் திருப்பி எழுதினாள். அவன் கும்பிடுகிற கைப்படம் ஒன்றை அனுப்பினான்.

பேசாமல் இருப்பது பேசாமல் இருப்பது மட்டும்தான் என்று அவன் நினைத்திருந்தான். இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. சொல்லவேண்டியது தொண்டைவரை வந்து முட்டும், விழுங்கவேண்டும். கால் தானாக ஆடும். ஸ்பானரால் தகர டின்னைத் தட்டிக்கொண்டே இருந்ததில் தௌக்கே அதைப் பிடுங்கி வைத்தார். ஒருவன் பின் சக்கரத்துக்கும் முன் சக்கரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் உளறியபோது குணாளன் எழுந்து கடையைச் சுற்றி இரண்டு தரம் நடந்துவிட்டு வந்தான். வீட்டிலும் உட்கார முடியாது, நிற்க முடியாது. தூக்கமும் போயிற்று.

ரூபினியை நெஞ்சில் படுக்கவைப்பதை மட்டும் அவன் விடவில்லை. காலையும் மாலையும் தவறாமல் படுக்கவைத்தான், பேசாமல். படுப்பதுதான் முக்கியம், பேச்சு அதற்கு மேல்போட்ட சர்க்கரை என்று அவனாகவே ஒரு கணக்குப் போட்டிருந்தான். முதல் நாட்களில் ரூபினி அவன் உதட்டை விரலால் பிரித்துப் பார்த்தாள். கன்னத்தைத் தட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே தன் விரலை உதட்டின் மேல் வைத்துக் காட்டினான். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவளும் அப்படி வைத்தாள். இருவரும் எதிரும் புதிருமாக விரலை வைத்துக்கொண்டு சிரித்தார்கள், சத்தம் இல்லாமல். பிள்ளைக்குக் கூடப் புரிந்துவிட்டது என்று அவன் கண் கலங்கினான்.

இது எதுவும் சுபாஷினிக்குத் தெரியாது. சீனப் பெருநாள் லீவு ஒரு பக்கம், அவள் பினாங்குக்குப் பயிற்சிக்குப் போனது ஒரு பக்கம் என்று ஒரு மாதம் தெரபி இல்லை. விரதத்தின் முப்பதாம் நாள், சனிக்கிழமை காலையில்தான் மையத்துக்குப் போனார்கள்.

சுபாஷினி வழக்கம்போல் பாயை விரித்து, விலாவில் கை வைத்தாள். முகம் மாறியது. பந்தை உருட்டினாள். ரூபினி குனிந்தாள், மூச்சை அடக்கினாள், உடம்பு பலகையாக விறைத்தது. எடுத்த பந்தோடு அப்படியே நின்றாள்.

“பாப்பா, ஆ சொல்லுங்க. நீளமா. ஆ...”

ரூபினி அவளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்துக்கொண்டு வாயை இறுக்கிக்கொண்டாள். கன்னம் உப்பியது, முகம் சிவந்தது. சுபாஷினி முதுகைத் தடவிக் கொடுத்த பிறகுதான் மூக்கு வழியாக மூச்சு வந்தது. இன்னும் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள். இரண்டு தரமும் விரல்தான் வந்தது.

“இது யாரு சொல்லிக் குடுத்தது?” என்றாள்.

சாந்தினி கணவனைப் பார்த்தாள். குணாளன் சட்டைக்குள் மறைத்திருந்த அட்டையை வெளியே எடுத்துக் காட்டினான். சுபாஷினி தமிழில் படித்தாள், மலாயிலும் படித்தாள். அவளும் வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிறவள்தான். கண்டபடி பேசிவிட அவளுக்கு வாய் வரவில்லை.

“எத்தன நாளாச்சிண்ணே?”

குணாளன் மூன்று விரலைக் காட்டி, பிறகு கையைக் குவித்துச் சுழித்தான். முப்பது.

“விரதத்த முறிங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கும் சாமி பயம் உண்டு. நான் பாத்தத மட்டும் சொல்லிடுறேன்.” அவள் ரூபினியின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். “அண்ணே, இவ ஒங்களோட சேந்து விரதம் இருக்கா. அப்பா எதச் செஞ்சாலும் இவ செய்வா. மூச்சு விடுறதையே ஒங்களப் பாத்துத்தான் கத்துக்கிட்டா. இப்ப ஒங்களப் பாத்துத்தான் அடக்கிக்கிறா.”

குணாளனுக்கு உட்கார்ந்திருந்த இடம் தெரியவில்லை. பேசமுடிந்திருந்தால் நூறு சமாதானம் சொல்லியிருப்பான். சொல்ல முடியாததால் அந்த வார்த்தை எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய் இறங்கியது.

காரில் ஏறியதும் சாந்தினி பேச ஆரம்பித்தாள். பதினோரு வருஷக் குடித்தனத்தில் பேசவே இடம் கிடைக்காதவள். பத்து மைல் தாண்டியும் நிறுத்தவில்லை.

“யாரக் கேட்டு நேந்துக்கிட்டீங்க? என்னையக் கேட்டீங்களா? மிஸ்ஸக் கேட்டீங்களா? வாயி ஒங்களோடதுதான். அந்தப் பேச்சு ஒங்களோடதில்லங்க. அது புள்ளையோட மருந்து. மருந்த எடுத்துக் கோயில் உண்டியல்ல போட்டுட்டு வந்து, நான் பெரிய தியாகம் பண்ணிட்டேன்னு கழுத்துல போர்டு மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க!”

குணாளன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தான். அவளைத் திரும்பிப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அன்று மாலையே ஒரு தந்திரம் செய்து பார்த்தான். போனில் அவன் சாந்தினிக்கு அனுப்பிய பழைய குரல் பதிவுகள் கிடந்தன. அவன் ஒரு வரி எழுதுகிற ஆள் இல்லை, எதற்கும் மூன்று நிமிஷம் பேசி அனுப்புகிறவன். மகளை நெஞ்சில் போட்டுக்கொண்டு, போனைத் தலைமாட்டில் வைத்து ஓடவிட்டான். தக்காளி வாங்கி வரவா, அந்தக் கடையில் நன்றாக இல்லை, இந்தக் கடையில் என்னவென்றால் என்று அவன் குரல் போனில் பேசியது. ரூபினி தலையைத் தூக்கிப் போனைப் பார்த்தாள். காதை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி போனைப் பார்த்தாள், மறுபடி காதை வைத்தாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள். அவன் போனை அணைத்துவிட்டு அப்படியே கிடந்தான்.

ஞாயிறு காலை கோயிலுக்கு ஓடினான். பழனியாண்டி செம்பனை ஆலையில் வேலை செய்துகொண்டே பூசையும் பார்க்கிறவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கருவறையைக் கழுவிக்கொண்டிருந்தார். குணாளன் போனில் தட்டி நீட்டினான்: ‘வாயைத் திறக்காமல் ஊம் என்று முனகினால் அது பேச்சா?’

பழனியாண்டி வாளியை வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தார். “வாயத் தொறக்கலன்னா பேச்சு இல்லதான். ஆனா சத்தம் சத்தந்தானப்பா. மௌனம்னு சொல்லித்தான காப்பு கட்டுன?” என்றார். தாடையைச் சொறிந்தார். “கமிட்டியக் கேட்டுத்தான் சொல்லணும்.”

குணாளன் மறுபடி தட்டினான்: ‘முறித்தால் என்ன ஆகும்?’

“நடுவுல முறிச்சவங்க கத ஒன்னு ரெண்டு எனக்குத் தெரியும். அத என் வாயால சொல்ல வேணாம், விடு. பச்சப் புள்ள பேர்ல வேற நேந்திருக்க. இன்னும் பதினேழு நாளுதான, பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்திரு.”

கதை என்றால் உயிரை விடுகிறவனிடம் கதை இருக்கிறது, சொல்ல மாட்டேன் என்றார் மனுஷர். கேட்கவும் வழியில்லை. குணாளன் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றினான், வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறினான், இறங்கினான், மறுபடி உள்ளே போய் முருகனைப் பார்த்தான். இந்தப் பக்கம் போனால் பிள்ளையின் மூச்சு, அந்தப் பக்கம் போனால் பிள்ளையின் பேரில் சாமி குற்றம். அந்த நெஞ்சு இன்னொரு சளியைத் தாங்காது. பதினேழு நாளைத் தாங்குமா? அதுவும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தான்.

மத்தியானம் சாந்தினி அடுப்படியில் குழம்பு கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். குணாளன் வீட்டுக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கவேண்டிய அவசியமே இல்லை, கைக்கு ஏதாவது வேண்டும். ரூபினி பிஸ்கட் டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். அவனுக்குக் கொடுக்கத்தான். வாசலில் இரண்டு படி. முதல் படியில் இறங்க மூச்சை அடக்கினாள், உடம்பு விறைத்தது, அடுத்த கால் எங்கே வைப்பதென்று தெரியாமல் டின்னோடு சேர்ந்து முகங்குப்புற விழுந்தாள்.

டின் உருண்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. பிள்ளை அழுகிற சத்தம் கேட்கவில்லை.

குணாளன் திரும்பிப் பார்த்தான். ரூபினி எழுந்து உட்கார்ந்திருந்தாள். முட்டியில் ரத்தம், உதடு கிழிந்திருந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அழுவதற்கு வாயைத் திறந்தவள், அப்பாவைப் பார்த்ததும் மூடினாள். ரத்தம் ஒழுகுகிற உதட்டின் மேல் விரலை வைத்தாள். மூச்சை உள்ளேயே பிடித்துக்கொண்டாள். முகம் சிவந்து, சிவப்புப் போய்க் கருநீலமாகத் தொடங்கியது.

“அழு!”

அது குணாளனின் குரல் மாதிரியே இல்லை. துருப்பிடித்த நட்டைக் கழற்றுவது மாதிரி இருந்தது. அவன் ஓடிப்போய் அவளைத் தூக்கினான்.

“அழு பாப்பா! வாயத் தொறந்து அழுடி! ஐயோ, அழும்மா!”

சாந்தினி கரண்டியோடு ஓடிவந்தாள். ரூபினி மிரண்டுபோய் அவனைப் பார்த்தாள். தன் உதட்டிலிருந்த விரலை எடுத்தாள், எடுத்து அவன் உதட்டின் மேல் வைத்து அழுத்தினாள். ரத்தம் அவன் வாயில் பட்டது.

குணாளன் அந்த விரலைப் பிடித்து மெல்ல விலக்கினான். “வேணாம்மா. அது முடிஞ்சிபோச்சி. அப்பாதான் தப்புப் பண்ணிட்டேன், ஒன் மேல தப்பில்ல” என்றான். வெயிலில் சுட்டுக் கிடந்த சிமெண்டுத் தரையிலேயே மல்லாந்து படுத்தான், அவளை நெஞ்சில் போட்டான், முதுகில் கை வைத்தான். விலா கல்லாக இருந்தது. அவன் பேசினான். என்ன பேசினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. குரலைத் தாழ்த்தி, நீட்டி, வந்ததைப் பேசினான். “முருகா, நீ பாத்துக்கிட்டுத்தான இருக்க. முறிச்சது நான். எதுனாலும் எங்கிட்ட எடுத்துக்க, கைய எடுத்துக்க, கால எடுத்துக்க, இவகிட்ட வராத. பாப்பா, அந்தச் சீனத் தௌக்கே இருக்காரே, அப்பா கழுத்துல என்னாத்தையோ எழுதிவச்சிட்டாரும்மா, ஊரே சிரிக்குது...”

கைக்குக் கீழே அந்தச் சின்ன முதுகு ஒரு தரம் நடுங்கியது. பிறகு உடைந்தது. அப்படி ஓர் அழுகையை ரூபினி பிறந்த அன்றுகூட அழுததில்லை, அன்றைக்கு அவளால் முடியவில்லை. நீளமாக, கரகரவென்று, மூச்சு முழுவதும் வெளியே போய்த் தீரும்வரை அழுதாள். இழுத்துக்கொண்டு மறுபடி அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். சாந்தினி படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் அழுதாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வாடை வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

குணாளன் பேச்சை நிறுத்தவில்லை. முப்பத்தொரு நாள் விழுங்கியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் மாற்றிச் சொன்ன ஆள், ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்ட தௌக்கே, காரில் அம்மா போட்ட சத்தம். அழுகை விக்கலாகி, விக்கல் மெல்ல அடங்கியது. அவன் குரல் இறங்கும்போது பிள்ளையின் விலாவும் இறங்குகிறதைக் கை சொன்னது. ஆனால் அவனுக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தொண்டை வறண்டு, மூச்சு வாங்கி, ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுபோனான்.

நெஞ்சின் மேல் ஒன்றும் அசையவில்லை. அவன் பயந்துபோய்த் தலையைத் தூக்கினான். ரூபினி கன்னத்தை அவன் நெஞ்சில் வைத்தபடி, ஈரக் கண்ணால் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ம்...” என்றாள்.

வலியில் வந்த முனகல் இல்லை அது. மேலே சொல்லு என்று, கதை கேட்கிறவர்கள் கொட்டுகிற ‘ம்’. கதை சொல்லியே காலம் தள்ளியவனுக்கு அது தெரியாதா? அவள் பொறுக்கமுடியாமல் உள்ளங்கையால் அவன் நெஞ்சில் தட்டினாள்.

“ம்ம்!”

“சொல்றேன்மா, சொல்றேன்” என்று குணாளன் எச்சிலை விழுங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.